எமில் கேட்ட சீட்டு

அத்தியாயம் 14

மே மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, உட்கட்சித் தேர்தல் நாள்; நவம்பர் தேர்தலில் எந்தக் கட்சிக்கு யார் நிற்பது என்று ஊரே ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கிற நாள். எமில் யுராஸ்கோ விடிவதற்கு முன்பே எழுந்து முகம் மழித்துக்கொண்டு, மாதா கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சமையலறையில் வந்து உட்கார்ந்தார். மனைவி பெர்னிஸ் ஊற்றிவைத்த காபி ஆறிப்போனது. அவர் அதைத் தொடவில்லை.

வாராவாரம் இந்தத் தொடருக்கு வருகிறவர்களுக்குக் காரணம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எமில் எங்கள் ஊர் இரும்பாலையில் உழைத்து ஓய்ந்தவர். எங்கள் வட்டத்தில் ஜனநாயகக் கட்சியின் கமிட்டி உறுப்பினர். அந்த நாற்காலியில் அவர் முதன்முதலாக உட்கார்ந்தபோது என் தலையில் முடி இருந்தது. அவருடைய மகள் மார்லா, வீடுகளுக்கு மதிப்புப் போட்டு வரி விதிக்கிற மாவட்டக் கணக்கர் அலுவலகத்தில் இரண்டாவது இடத்தில் இருக்கிறாள். மேலதிகாரி ஓய்வு பெறுகிறார். அந்தப் பதவிக்குத் தேர்தல் வந்தது. மார்லா நிற்கிறாள். குடியரசுக் கட்சியில் நிற்கிறாள். அதுதான் வினை.

வேறு வழி அவளுக்கு இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஆலை இருந்தவரை எங்கள் ஹார்க்னஸ் மாவட்டத்தில் நீலக் கட்சியான ஜனநாயகக் கட்சி ஒரு துடைப்பத்தை நிறுத்தினால்கூட ஜெயித்தது. ஆலை போனது, நீலமும் போனது. இப்போது குடியரசுக் கட்சியின் சிவப்புத் துடைப்பம்தான் ஜெயிக்கும். நவம்பர் மாதப் பெரிய தேர்தலுக்கு இந்தப் பதவிக்கென்று நீலக் கட்சி ஆளையே நிறுத்தவில்லை. ஆக, இன்றைக்குச் சிவப்புச் சீட்டில் யார் ஜெயிக்கிறாரோ அவரே அதிகாரி. மார்லாவை எதிர்த்து நிற்பவர் ப்ரெண்ட் ஹாலிஸ்டர், நிலத் தரகர். அவர் வந்தால் அலுவலகத்தில் தன் ஆட்களைத்தான் வைப்பார். மார்லா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

போன மாதம் மாவட்டப் பத்திரிகை ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. இந்த வேலை யாருக்கு நன்றாகத் தெரியும் என்று கேட்டதற்குப் பத்தில் ஏழு பேர் மார்லா என்றார்கள். யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்று கேட்டதும் அந்த ஏழு நாலாகச் சுருங்கிவிட்டது. கழன்றுகொண்ட மூன்று பேர் சொன்ன காரணம் ஒன்றுதான்: அவள் எமிலுடைய மகள்.

சரி, சிவப்புக்காரர்கள்தான் அவளை நம்பவில்லை, சொந்த வீடாவது நம்பியதா என்றால் அதுவும் இல்லை. எமிலின் மகன் டெரில் மின்தொழிலாளர் சங்கத்தில் துணைத் தலைவன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்தில், காளான் சூப் பரிமாறும்போதே அக்காவைப் பச்சோந்தி என்றான். மார்லா கரண்டியை வைத்துவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இத்தனைக்கும் எமில் மகளை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவருடைய வலி வேறு. இரண்டு சனிக்கிழமைக்கு முன் மார்லா ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்தாள். அவர் வீட்டுக்கு இடப்பக்க வீட்டில் கதவைத் தட்டினாள். பிறகு வலப்பக்க வீட்டில் தட்டினாள். நடுவில் பெற்றவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் காத்திருந்தார். அவள் அந்த வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். போன வாரம் அங்கேதான் நிறுத்தினேன்.

இன்றைக்கு எமில் எந்தச் சீட்டைக் கேட்கப்போகிறார் என்பதுதான் விஷயம். உட்கட்சித் தேர்தலில் ஆளுக்கு ஒரு கட்சியின் ஓட்டுச்சீட்டுதான். மேசைக்கு முன்னால் நின்று, இந்தக் கட்சிச் சீட்டைக் கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். நீலச் சீட்டில் எமிலின் பெயர் இருக்கிறது, கமிட்டி உறுப்பினர் பதவிக்கு. சிவப்புச் சீட்டில் அவர் மகளின் பெயர் இருக்கிறது. அடுத்த கட்சிச் சீட்டை வாங்கியவனுக்குக் கமிட்டியில் இடம் கிடையாது. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்றெல்லாம் அந்த மேசையில் நடக்காது.

பெர்னிஸ் அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். தான் போன வாரமே முடி வெட்டிக்கொண்டு திரும்பும் வழியில் மாவட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே ஓட்டுப் போட்டுவிட்டதாகச் சொன்னார். எமிலுக்கு அது புதுச் செய்தி.

"எந்தச் சீட்டு கேட்டே?"

"என் பொண்ணு பேரு எதுல இருக்கோ அது."

"ஆபீஸ்ல அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லணும்? முப்பது வருஷமா உங்க கமிட்டிக்குக் காபி போட்டிருக்கேன். உன் கொள்கை என்னம்மான்னு ஒருத்தனும் கேட்டதில்ல. இப்ப மட்டும் எதுக்குக் கேக்கப்போறான்?"

எமில் சுற்றி வளைத்து அந்தச் சனிக்கிழமைக்கே வந்தார். பக்கத்து வீட்டு ஸ்டானிடம் கேட்டாளாம். நாலு நாய் வளர்க்கிற அந்த முரடனிடம்கூடக் கேட்டாளாம். தன்னிடம் மட்டும் கேட்கவில்லை. தன் வாசலில் அவள் நிற்பதை யாராவது சிவப்புக்காரன் பார்த்தால் இருக்கிற ஓட்டும் போய்விடும் என்று பயந்திருப்பாள். அப்பா முகம் அவளுக்கு இப்போது நஷ்டக் கணக்கு. இப்படியே சொல்லிக்கொண்டு போனார்.

பெற்ற பெண் அப்பாவிடம் கை நீட்டித்தான் ஓட்டு வாங்கணுமா என்று பெர்னிஸ் கேட்டார். ஆமாம் என்றார் எமில். கேட்காத ஓட்டு விழாது, அது எங்கள் ஊர் அரசியலில் அரிச்சுவடி. பெற்ற தாயிடம்கூட வேட்பாளர் போய் நின்று, எனக்குப் போடுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால், உன் ஓட்டு எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். எமில் ஆயுசு முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கியவர். அவருக்கா தெரியாது?

"நீ போடப்போறியா இல்லையா, அதை மட்டும் சொல்லு எமில்."

அவர் ஆறின காபியை ஒரே மூச்சில் குடித்தார். "போடறேன். கேட்டாலும் கேக்காட்டியும் அவ என் பொண்ணு."

பெர்னிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கமிட்டிப் பதவி போனால், கமிட்டி கூடுகிற செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் இவரை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கவலையும் அவருக்குக் கூடவே வந்தது. அதை அவரே என்னிடம் சொன்னார்.

எங்கள் வட்டத்துக்கு ஓட்டுச்சாவடி மாதா கோயில் கூடம். வாசலிலிருந்து நூறு அடி தள்ளி இரண்டு சின்னத் தேசியக் கொடிகளை நட்டிருப்பார்கள். அதைத் தாண்டி உள்ளே யாரும் ஓட்டுக் கேட்கக் கூடாது. அதனால் கேட்கிறவர்கள் எல்லாரும் கொடிக்கு வெளியே, நடைபாதையில் நிற்பார்கள்.

அன்று இடப்பக்கக் கொடிக்குப் பக்கத்தில் டெரில் நின்றான், கையில் நீலக் கட்சி வேட்பாளர் அட்டைகள். வலப்பக்கக் கொடிக்குப் பக்கத்தில் மார்லா நின்றாள், கையில் தன் பெயர் அச்சடித்த அட்டைகள். நடுவில் ஒரு கார் போகிற அகலம்தான். வருகிறவர்கள் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு, அக்காவையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்கள். தூறல் விட்டு விட்டுப் பெய்தது. இரண்டு பேரும் குடை கொண்டுவரவில்லை. பிடிவாதம் அந்த வீட்டுச் சொத்து.

ஹாலிஸ்டருக்காக அட்டை கொடுக்க ஒரு தடியன் வந்திருந்தான். மார்லா அட்டை கொடுத்த ஒவ்வொருவரிடமும் அவன் பின்னாலேயே போய், நேற்றுவரை இந்தம்மா எந்தக் கட்சி என்று கேளுங்கள், அப்பா யார் என்று கேளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மார்லா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவன் சத்தமாகவே பச்சோந்தி என்று சொல்லிச் சிரித்தான்.

டெரில் தன் பக்கத்திலிருந்து விறுவிறுவென்று வந்தான்.

"அதை நான் சொல்லலாம். நீ சொல்லக்கூடாது."

நீயே சொன்னதுதானே என்றான் அந்தத் தடியன்.

"எங்க வீட்டுக்குள்ள சொன்னேன். நீ எங்க வீட்டு ஆளா?"

தடியன் வாயை மூடிக்கொண்டு தெருமுனைக்கு நகர்ந்தான். டெரில் அக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் கொடிக்குப் போய்ச் சேர்ந்தான். மார்லாவும் நன்றி சொல்லவில்லை. அடுத்து வந்தவருக்கு அட்டையை நீட்டினாள்.

இந்த நேரத்தில்தான் எமிலின் கார் வந்து நின்றது.

டெரில் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். அப்பாவின் சட்டையைப் பார்த்ததும் அவனுக்கு ஏதோ புரிந்துவிட்டது. ஓட்டுப் போட யாரும் எங்கள் ஊரில் இஸ்திரி போட்ட சட்டையில் வருவதில்லை. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான். கமிட்டியில் மற்ற வட்டத்து நாற்காலிகள் பாதி காலியாகக் கிடக்கின்றன, உட்கார ஆள் இல்லை என்றான். சங்கத்தில் தன்னைப் பார்த்து எல்லாரும் கேட்பது ஒன்றுதான், உங்க அப்பாவும் அந்தப் பக்கம் போயிட்டாரா என்று.

"இன்னும் இல்லைன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்பா. நாளைக்கும் அதையே சொல்ல விடு. நம்ம பக்கம் மிச்சம் இருக்கறது நீ மட்டும்தான்."

எமில் மகனின் தோளைத் தட்டினார். நடைபாதைக்கு வந்தார். வலப்பக்கம் மார்லா நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்த்து நின்றார். ஊருக்கே அட்டை நீட்டுகிற பெண், இப்போது ஓர் அடி எடுத்து வைத்து அப்பாவுக்கும் ஒன்று நீட்டினால் போதும். அவர் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

மார்லா கையை உயர்த்தி லேசாக ஆட்டினாள். பிறகு சக்கர நாற்காலியில் வந்த ஒரு கிழவரிடம் குனிந்து பேசப் போய்விட்டாள்.

எமிலுக்கு முகம் சுண்டிப்போனது. நேரே உள்ளே போனார்.

கூடத்தில் நானும் இருந்தேன். தேர்தல் நாளில் கோயில் பெண்கள் வால்நட் வைத்துச் சுருட்டின ரொட்டி விற்பார்கள், பத்து மணிக்கு மேல் போனால் கிடைக்காது. நான் ரொட்டி மேசையில் நின்றுகொண்டிருந்தபோது எமில் வந்தார். ஓட்டு மேசையில் லூவான் ஸ்டாக்டேல் உட்கார்ந்திருந்தார். சிவப்புக் கட்சி சார்பாக நியமிக்கப்பட்ட சாவடி அலுவலர். பக்கத்தில் நீலக் கட்சி சார்பாக ஒரு பெண், ஊருக்குப் புதிது.

எமில் அடையாள அட்டையைக் காட்டினார். எந்தக் கட்சிச் சீட்டு என்று லூவான் வழக்கப்படி கேட்டார். கேட்டுக்கொண்டே நீலக் கட்டின் மேல் கையை வைத்துவிட்டார்.

"குடியரசுக் கட்சி" என்றார் எமில்.

ரொட்டி சுற்றிக்கொண்டிருந்த பெண்மணி காகிதத்தோடு அப்படியே நின்றார். லூவான் நீலக் கட்டிலிருந்து கையை எடுத்தார். ஆனால் சிவப்புக் கட்டுக்குப் போகவில்லை.

"எமில், நீங்க அந்தக் கட்சி இல்லையே."

அவருக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு. ஒருவர் அந்தக் கட்சிக்காரர் இல்லை என்று அலுவலர்களுக்குத் தெரிந்தால் ஆட்சேபம் சொல்லலாம். சொன்னால், ஓட்டுப் போட வந்தவர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஊரில் இப்போதெல்லாம் யாரும் ஆட்சேபம் சொல்வதில்லை. அங்குமிங்கும் தாவுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், யாரை என்று கேட்பது?

ஆனால் லூவானிடம் ஒரு பழைய பாக்கி இருந்தது. நீலம் கொடிகட்டிப் பறந்த காலத்தில், ஒரு உட்கட்சித் தேர்தலுக்கு லூவானின் புருஷன் நீலச் சீட்டுக் கேட்டு வந்தார். அவருடைய மைத்துனன் நீலக் கட்சியில் ஷெரிப், அதாவது மாவட்டப் போலீஸ் தலைவர், பதவிக்கு நின்றான். அன்றைக்குக் கண்காணிப்பாளராக உட்கார்ந்திருந்த எமில்தான், இவர் நம் கட்சி இல்லை, காகிதத்தை நீட்டுங்கள் என்றவர். ஊர் பார்க்க அந்த மனிதர் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குப் போய் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம். முற்பகல் செய்யின் பிற்பகல் விளையும் என்று சும்மாவா சொன்னார்கள்?

லூவான் காகிதத்தை எடுத்துத் திருப்பி வைத்தார். குரலில் வன்மம் எதுவும் இல்லை. விதி இதுதான், படித்துப் பார்த்துப் போடுங்கள் என்றார். போட்டால் உடனே சீட்டு தருகிறேன் என்றும் சொன்னார்.

எமில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். குடியரசுக் கட்சியோடு சேர்ந்திருக்க விரும்புகிறேன், அதன் கொள்கைகளை ஆதரிக்கிறேன், இது பொய்யானால் தண்டனைக்கு உட்படுகிறேன். அவ்வளவுதான், மூன்று வரி. அந்த மேசையில் அதை மற்றவர்களிடம் நீட்டியிருந்தால் ஊரில் பாதிப் பேர் படிக்காமலே போட்டுவிட்டு ரொட்டி வாங்கப் போயிருப்பார்கள்.

அவர் பேனாவை எடுத்தார். காகிதத்தின் மேல் வைத்தார். பேனா நகரவில்லை.

அவர் மனதில் என்ன ஓடியது என்று பின்னால் அவரே சொன்னார். கொள்கையெல்லாம் அப்போது ஞாபகத்துக்கே வரவில்லையாம். அவள் கேட்டிருந்தால் இதில் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன், ஜெயிலுக்கும் போயிருப்பேன் என்றார். வாசலில் அட்டையை நீட்டாமல் கையை ஆட்டிவிட்டுப் போனாளே, அதுதான் கையைப் பிடித்துக்கொண்டது. வேண்டாம் என்கிறவளுக்காக ஊர் முன்னால் பொய்க் கையெழுத்துப் போடுவதா?

"இதுல என் பொண்ணு பேரைக் காணோமே" என்றார்.

"சட்டம் கட்சியைத்தான் கேக்குது எமில். ஆளைக் கேக்கல."

"எனக்கு அந்த ஒரு பேருக்கு மட்டும் போட்டாப் போதும். மத்ததெல்லாம் வெத்தா விட்டுடறேன்."

அப்படிக் கொடுக்க வழியில்லை என்றார் லூவான். இப்போது அவருக்கே சங்கடமாகிவிட்டது. வேண்டுமானால் ஆட்சேபத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் மெல்லக் கேட்டார். அந்தப் பெண் விதிப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தாள்.

எமில் காத்திருக்கவில்லை. பேனாவை மேசையில் வைத்தார்.

"நீலத்தையே குடுத்துடு லூவான்."

அவர் தடுப்புக்குப் பின்னால் போய், தன் பெயருக்கு நேரே இருந்த வட்டத்தை நிரப்பினார். போட்டியே இல்லாத இடம், அந்த ஓட்டு இல்லாவிட்டாலும் ஜெயித்திருப்பார். திரும்பி வந்தபோது யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் திடீரென்று ரொட்டியின் மேல் அக்கறை வந்துவிட்டது. ஓட்டுப் போட்டவருக்குத் தருகிற ஸ்டிக்கரை லூவான் நீட்டினார். எமில் அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவருக்கு அவமானமாக இருந்தது. லூவானாலோ, காகிதத்தாலோ இல்லை. போடறேன் என்று பெர்னிஸிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எமில் படி இறங்குவதற்குள் செய்தி கொடிக்கு வெளியே போய்ச் சேர்ந்துவிட்டது. அப்பா சிவப்பைக் கேட்டார், காகிதத்தைப் பார்த்தார், பின்வாங்கிவிட்டார் என்று யாரோ மார்லாவிடமே வந்து சொல்லிவிட்டார்கள். ஹாலிஸ்டரின் தடியன் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து, பெத்த அப்பனே போடல, நீங்க எதுக்குப் போடறீங்க என்று புதுப் பாட்டு ஆரம்பித்தான். அதைக் கேட்டுவிட்டு இரண்டு மூன்று பேர் அவள் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

டெரில் அப்பாவை எதிர்கொண்டு கையைப் பிடித்துக் குலுக்கினான். எமில் கையை விடுவித்துக்கொண்டார்.

"சந்தோஷப்படாதே. நான் உனக்காகவும் போடல, கட்சிக்காகவும் போடல."

அவர் காருக்குப் போய்க் கதவைத் திறந்து, கால்களை வெளியே வைத்தபடி இருக்கையில் உட்கார்ந்தார். சாவியைப் போடவில்லை. தூறல் அவர் முழங்காலை நனைத்தது. கொஞ்ச நேரத்தில் மார்லா வந்தாள். பக்கத்தில் வைத்திருந்த பெட்டியிலிருந்து அட்டை எடுக்க வருவதுபோலத்தான் வந்தாள். பிறகு அந்தப் பாசாங்கையும் விட்டுவிட்டு அப்பா எதிரில் நின்றாள்.

எமில் தலை நிமிரவில்லை. உள்ளே நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னார். முடித்துவிட்டு, இத்தனை நாள் நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டார்.

"நாய்க்காரன்கிட்டக் கேட்டே. ஸ்டான்கிட்டக் கேட்டே. என் மூஞ்சியைப் பார்த்தா ஓட்டுப் போயிடும்னு பயந்தியா?"

மார்லாவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் அவள் நடைபாதை விளிம்பிலேயே, ஈரத்தில், உட்கார்ந்துவிட்டாள்.

"ஆலை போச்சு. உன்கூட வேலை செஞ்சவங்க பாதிப் பேர் போயிட்டாங்க. உனக்குன்னு மிச்சம் இருக்கறது அந்த ஒரு நாற்காலி."

"அதனால?"

"நான் கேட்டா நீ போட்டிருப்பேப்பா. அதனாலதான் கேக்கல."

எமில் வெள்ளைச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தூறலைத் துடைப்பதாக நினைத்துக்கொள்ளலாம் என்றால் மழை அப்போது நின்றிருந்தது. அவர் அழுதார். ஆலையை மூடின நாளில்கூட அழாத மனிதர். மகளைப் பற்றி அத்தனை நாள் தப்பாக நினைத்துக்கொண்டு திரிந்தோமே என்று அழுதார். இனிமேல் திரும்ப உள்ளே போக முடியாது என்றும் அழுதார். ஒருவருக்கு ஒரு சீட்டு, போட்டால் போட்டதுதான்.

மார்லா எழுந்து அவர் தலையில் கை வைத்தாள். பரவாயில்லை, ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப்போகிறது என்றாள். அது பொய் என்று இருவருக்கும் தெரியும். தெருமுனையில் அந்தத் தடியன் இன்னும் அதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தான், சாவடி மூட இன்னும் பொழுது நிறையக் கிடந்தது.

காருக்குப் பின்பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. டெரில் நின்றிருந்தான். அப்பாவுக்கென்று காபி வாங்கிக்கொண்டு வந்தவன், எப்போதிருந்து நிற்கிறான் என்று தெரியவில்லை. காபிக் கோப்பையை எமிலின் கையில் கொடுத்தான். தன் கையிலிருந்த நீலக் கட்சி அட்டைகளைக் காரின் முன்பக்கத்தில் வைத்தான். கூடத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தான்.

காலையிலிருந்து ஊரையெல்லாம் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தவன் தன் ஓட்டை இன்னும் போடவில்லை என்பது அப்போதுதான் மார்லாவுக்கு உறைத்தது. சங்கத்தின் துணைத் தலைவன் அந்த மேசையில் எதைக் கேட்டாலும் சாயங்காலத்துக்குள் சங்கம் முழுக்கத் தெரிந்துவிடும். லூவானுடைய காகிதமும் மேசை மேலேயே இருக்கும்.

"டெரில்" என்று கூப்பிட்டாள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு தம்பியிடம் அவள் பேசின முதல் வார்த்தை. "நான் உன்கிட்டயும் கேக்கலடா."

அவன் கொடிக்குப் பக்கத்தில் நின்று திரும்பினான்.

"நீ கேட்டிருந்தா போட்டிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கொடியைத் தாண்டி உள்ளே போனான்.